கேள்வி மேடை: அப்பா பேச்சும் பிள்ளை சம்பளமும்

பழைய குடும்பப் படங்கள், அவற்றில் வரும் தலைமுறைச் சண்டை பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: அந்தக் காலத்துக் குடும்பப் படம் எதை எடுத்தாலும் கடைசியில் பிள்ளை காலில் விழுகிறான், மருமகள் திருந்துகிறாள். இதை வைத்துச் சமூகம் மாறியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
(கும்பகோணம் வாசகர்)

ப: கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்தால் சொல்லவே முடியாது. தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த படங்கள் இவை. இரண்டு பேரையும் முகம் கோணாமல் வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது அந்தப் பத்து நிமிடம். சண்டை எதற்காகத் தொடங்குகிறது, அந்த நேரத்தில் வீட்டுப் பணம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் கவனியுங்கள். காலம் அங்கேதான் பதிந்திருக்கும்.

இயக்குநர் பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’ (1959) கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தின் கதை. சொத்து நிலத்தில் இருக்கிறது, நிலம் பெரியவர்கள் பெயரில் இருக்கிறது. அந்தக் குடும்பம் பிரிவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கலகம் மூட்ட வேண்டியிருக்கிறது, எம்.ஆர்.ராதா அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறார். அவருடைய குட்டு உடைந்ததும் குடும்பம் சேர்ந்துவிடுகிறது. அதாவது கூட்டுக் குடும்பத்தில் கோளாறே இல்லை, கோளாறு முழுக்க வந்த ஆளிடம் என்பது அந்தப் படத்தின் கட்சி.

27 ஆண்டுகள் கழித்து ஏவி.எம். தயாரிப்பில் விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வருகிறது. இதில் சகுனி வேலை பார்க்க யாரும் வரவில்லை. மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்), மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதால், மாதாமாதம் வீட்டுக்குக் கொடுக்கும் தொகையைக் குறைத்துக் கொடுக்கிறான். ஒரு வாய் குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும் என்பது அவன் கணக்கு. கணக்கு சரி, அதை அப்பாவிடம் கணக்காகச் சொன்னதுதான் வினை. வார்த்தை தடிக்கிறது. வீட்டை விட்டுப் போ என்கிறார் அப்பா. தங்கை கல்யாணத்துக்குப் போட்ட பணத்தை எடுத்து வையுங்கள் என்கிறான் மகன். கடைசியில் வீட்டுக்குள்ளேயே கோடு கிழிக்கிறார்கள்.

இரண்டு படங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது? நிலம் போய் மாதச் சம்பளம் வந்தது. நிலம் அப்பாவுடையது, பிள்ளை அதில் பங்குக்குக் காத்திருப்பவன். சம்பளம் பிள்ளையுடையது, அப்பா அதில் பங்கு கேட்பவர். நாற்காலி இடம் மாறிவிட்டது, மரியாதை மட்டும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். படத்தின் முடிவும் நீங்கள் சொல்கிற ரகமில்லை. எல்லோரையும் சேர்த்து வைக்கிற மருமகள் உமாவே (லட்சுமி), சேர்ந்த கையோடு, நாங்கள் தனியாக இருந்துகொள்கிறோம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம் என்கிறாள். அப்பா காலில் யாரும் விழவில்லை, தீர்ப்பு மருமகளுடையது. 1959-ல் அந்தத் தீர்ப்பை ஒரு மருமகள் சொல்லியிருந்தால் அவள்தான் வில்லி.

கே: ‘வியட்நாம் வீடு’ பார்த்து என் அப்பா கண் கலங்குகிறார். என் மகனோ, “தாத்தா, அந்த ஆள்மேலேயும் தப்பு இருக்கே” என்கிறான். யார் பக்கம் நியாயம்?
(திருநெல்வேலி வாசகி)

ப: இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பி.மாதவன் இயக்கத்தில் 1970-ல் வந்த அந்தப் படம் முதலில் மேடை நாடகம். அப்போது சிவாஜிக்கு வயது 41. ஓய்வு பெறும் ஆளாக நடிக்கிறார் என்பதை மறந்துவிடும் அளவுக்கு நடையிலும் தோளிலும் வயதை ஏற்றிக்கொண்டிருப்பார்.

உங்கள் மகன் பிடித்த இடத்தைப் பார்ப்போம். சிவாஜி நடிக்கும் பத்மநாப ஐயரின் பெயருக்கு முன்னால் ‘பிரஸ்டீஜ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது அலுவலகத்து அதிகாரம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்து, பெண்டாட்டி பிள்ளைகளையும் ஆபீஸ் ஒழுங்கில் நடத்துகிறார். வேலை போன மறுநாள் அந்த அதிகாரத்துக்கு ஆதாரம் இல்லை. குரல் மட்டும் பாக்கி. அதே கட்டளையை அதே தொனியில் சொல்கிறார், வீடு முன்போல அசையவில்லை. அவருக்கு அது அவமானம், பிள்ளைகளுக்கு அது விடுதலை. அப்பா பேச்சுக்கு இருந்த மதிப்பில் எவ்வளவு அன்புக்கு, எவ்வளவு முதல் தேதிக்கு என்று பிரித்துப் பார்க்கும் துணிச்சல் படத்துக்கு இருக்கிறது. ஆனால் நெஞ்சுவலி வந்ததும் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரிடம் யார் வாதாடுவார்கள்?

இந்த நெஞ்சுவலியைத் தனியாகக் குறித்து வையுங்கள். தமிழ்ப் படங்களில் அப்பாக்கள் விவாதத்தில் தோற்கப்போகும் நேரத்தில் இதயம் சரியாக ஒத்துழைக்கும். ‘மௌன ராக’த்தில் (1986) நாயகி திவ்யா கல்யாணத்துக்குச் சம்மதிப்பதே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகுதான். வித்தியாசம், மணிரத்னம் அதை முடிவாக வைக்காமல் தொடக்கத்தில் வைத்தார். மிரட்டலுக்குப் பணிந்து செய்த கல்யாணத்தின் விளைவு என்ன என்று மீதிப் படம் கேட்கிறது.

உங்கள் வீட்டில் அடுத்த முறை பார்க்கும்போது பத்மினியைக் கவனிக்கச் சொல்லுங்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லாமல் சமாளிக்கிற அவருடைய பாத்திரம் சாவித்திரியின் பாட்டைப் பற்றி உங்கள் அப்பாவும் பேசவில்லை, மகனும் பேசவில்லை.

கே: ‘மௌன ராக’த்தில் விவாகரத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று சொல்வது கதைக்காகவா, சட்டமே அப்படியா?
(மதுரை, சட்டக் கல்லூரி மாணவர்)

ப: சட்டமே அப்படித்தான். இந்து திருமணச் சட்டம் 1955-ன் 14-ஆம் பிரிவின்படி, திருமணம் முடிந்து ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது; விதிவிலக்கான கொடுமை இருந்தால் மட்டும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் யாராவது ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சுமத்தியே ஆக வேண்டும். அதாவது, குற்றவாளி இல்லாத ஒரு பிரிவைக் கதையாக்க 1986-ல் முடிந்ததற்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம். 1970-ல் இதே கதையை எடுத்திருந்தால் திவ்யாவின் கணவன் சந்திரகுமாரைக் குடிகாரனாகவோ கொடுமைக்காரனாகவோ காட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் சட்ட மாணவர் என்பதால் இன்னொன்று. 13-பி கேட்பது ஓராண்டு ‘தனித்து வாழ்வது’. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது தனித்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் விளக்கியது. டெல்லி வீட்டில் திவ்யாவும் சந்திரகுமாரும் இருந்த இருப்பு அதற்குக் கச்சிதமான உதாரணம்.

கே: ‘அரங்கேற்றம்’, ‘அவள் ஒரு தொடர்கதை’ இரண்டும் பெண் விடுதலைப் படங்களா, தியாகத்தைப் போற்றும் படங்களா? எங்கள் வாசகர் வட்டத்தில் இது தீராத சண்டை.
(ஈரோடு வாசகி)

ப: மூத்த மகள் சம்பாதிக்கத் தொடங்கினால் வீட்டில் யார் தலைவர் என்ற ஒரே கேள்வியைத்தான் பாலசந்தர் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு விதமாகக் கேட்டார். தீர்வு சொல்லும் படங்களாக எடுத்துக்கொண்டால் உங்கள் சண்டை தீராது.

‘அரங்கேற்றம்’ (1973) வந்த நேரம் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் சுவருக்குச் சுவர் சிவப்பாக இருந்த நேரம். வைதிகக் குடும்பம், வறுமை, வரிசையாகப் பிள்ளைகள். மூத்தவள் லலிதா (பிரமீளா) உடலை விற்று வீட்டைக் காப்பாற்றுகிறாள். பணம் எப்படி வருகிறது என்று தெரியாதவரை எல்லோரும் அதைச் சாப்பிடுகிறார்கள். தெரிந்ததும் அவளைத் தள்ளிவைக்கிறார்கள். ஆனால் படத்தின் கூர்மையான இடம் அது இல்லை. ஊருக்கு வருகிற லலிதா, கல்யாண வயதில் பெண்கள் இருக்கும் வீட்டில் அம்மா மறுபடியும் கர்ப்பமாக இருப்பதைப் பார்க்கிறாளே, அந்த இடம். தகப்பனார் நல்லவர், சாது, ஒரு பாவமும் அறியாதவர். அந்த நல்லவரின் பொறுப்பின்மைக்கு மகள் விலை கொடுக்கிறாள். கெட்ட அப்பாவைக் காட்டுவது சுலபம். நல்ல அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் அன்றைக்குப் பலருக்குப் பொறுக்கவில்லை.

‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) கவிதாவின் (சுஜாதா) வீட்டில் அப்பாவே இல்லை, சாமியாராகப் போய்விட்டார். அண்ணன் குடித்துவிட்டுச் சுற்றுகிறான். அதனால் கவிதாதான் குடும்பத் தலைவர். ரேஷன் கார்டில் யார் பெயர் இருந்தாலும் சரி. அவள் பேச்சைக் கேளுங்கள்: கறார், குத்தல், சில நேரம் கொடூரம். தியாகத் திருவுருவங்கள் இப்படிப் பேசாது. சம்பாதிக்கிற அப்பா அந்தக் காலத்தில் எப்படிப் பேசுவாரோ, அப்படியே பேசுகிறாள். பணம் வந்த கைக்கு அந்தத் தொனியும் வந்துவிடுகிறது என்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. இன்னொன்று, அந்த வீட்டில் ஒரு தங்கை விதவை. கவிதாவை விரும்பியவன் அவள் பக்கம் திரும்பும்போது, கவிதாவே கல்யாணம் செய்துவைக்கிறாள். விதவைத் திருமணத்துக்காக ஒரு பிரசங்கமும் கிடையாது. முந்தைய தலைமுறைப் படமாக இருந்தால் அதற்கே இரண்டு ரீல் வசனம் ஆகியிருக்கும். வசனம் இல்லாமல் ஒன்று கடந்து போகிறது என்றால் அது ஓரளவு வழக்கத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

முடிவில் கவிதா மறுபடி வேலைக்கே கிளம்புகிறாள். அதைத் தியாகம் என்று படிப்பவர்கள் தப்பாகப் படிக்கவில்லை. அவள் சம்பளம் வீட்டுக்கு வேண்டும், அவளுக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாம் என்ற ஏற்பாட்டைப் படமும் உடைக்கவில்லை.

உங்கள் வட்டத்தில் இவற்றோடு சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) சேர்த்துப் பாருங்கள். கல்கத்தாவில் பின்னல் இயந்திரம் விற்கும் வேலைக்குப் போகிறாள் ஆரதி. ஓய்வு பெற்ற ஆசிரியரான மாமனார் மருமகள் சம்பாத்தியத்தை ஏற்க மாட்டார். ஆனால் மூக்குக்கண்ணாடிக்காகப் பழைய மாணவர்கள் வீட்டுப் படியேறத் தயங்க மாட்டார். குரு தட்சிணை மாதிரி நினைத்துக்கொள்கிறார். முதல் சம்பளம் வாங்கிய அன்று ஆரதி, கண்ணாடி முன்னால் தனியாக நின்று புது நோட்டுகளையும் தன் முகத்தையும் பார்க்கும் ஒரு சிறு காட்சி உண்டு. சம்பளம் அவளுக்கே ஒரு சந்தோஷம் என்று சொல்லும் அந்த அரை நிமிடம் லலிதாவுக்கும் கிடைக்கவில்லை, கவிதாவுக்கும் கிடைக்கவில்லை. விவாதத்தை அங்கிருந்து தொடங்கினால் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

கே: வெளிநாடு போய் வந்தவன் கெட்டுப்போவான் என்று சொல்வதுதானே ‘ரத்தக்கண்ணீர்’? அதை எப்படி முற்போக்குப் படம் என்கிறார்கள்?
(திருவாரூர் வாசகர்)

ப: கதை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வெளிநாடு போய் வந்த நாயகன் மோகன் கெட்டுப்போனது அவன் பகுத்தறிவு பேசியதால் இல்லை; ஆணவத்தாலும் தாசி காந்தாவாலும். மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்யும் வரிகளுக்குத் தியேட்டரில் கைதட்டல் வாங்குவதும் அவனேதான். முடிவைப் பாருங்கள்: தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவே மணந்துகொள்ள வேண்டும் என்கிறான். 1954-ல், தாலி கட்டியவன் வாயாலேயே! திருந்திய கணவனிடம் மனைவி திரும்பிச் சேருவதுதான் அன்றைய வாய்ப்பாடு. அதை இந்தப் படம் காலால் எட்டி உதைத்தது.

கே: ‘தேவர் மக’னில் ஜெயிப்பது அப்பாவா, பிள்ளையா?
(தேனி வாசகர்)

ப: அப்பா, அதுவும் செத்த பிறகு. லண்டனிலிருந்து ஓட்டல் தொழில் கனவோடு வருகிற சக்திவேல் மீசையும் வேட்டியுமாக அப்பாவின் நாற்காலியில் உட்காருகிறான். ஆனால் உட்கார்ந்தவன் கையிலும் கடைசியில் ரத்தம் படிகிறது, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். ஜெயித்த அப்பாவின் வழி எங்கே போய் முடிகிறது என்பதையும் படம் காட்டிவிடுகிறது. அதை விட்டுவிட்டு மீசையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

கே: ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை உலகத்தின் தலைசிறந்த படம் என்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லையே?
(கோவை வாசகர்)

ப: நம் படங்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் அப்பாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். 1953-ல் வந்த 136 நிமிடப் படம். ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, துரத்தவில்லை. நேரம்தான் இல்லை.

சின்ன விஷயங்களில் கண் வையுங்கள். அழகு நிலையம் நடத்தும் மகள் ஷிகேயின் கணவர், வந்திருப்பவர்களுக்காக நல்ல பலகாரம் வாங்கி வருகிறார். இவ்வளவு விலையில் எதற்கு என்கிறாள் மகள். டாக்டர் மகன் ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும்போது நோயாளி அழைப்பு வருகிறது. பெற்றோரை அத்தாமிக்கு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். கேட்டால் உபசாரம், உள்ளுக்குள் வசதி. அம்மா இறந்த பிறகு, ஈரம் காயும் முன்னே, ஷிகே நினைவுப் பொருளாக அம்மாவின் கிமோனோவைக் கேட்கிறாள். இந்த வயதானவர்களை உண்மையில் கவனித்துக்கொள்வது போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ, சட்டப்படி எந்தக் கடமையும் இல்லாதவள்.

பின்னணியையும் தெரிந்துகொண்டு பார்த்தால் அலுக்காது. போருக்குப் பிறகு 1947-ல் திருத்தப்பட்ட ஜப்பானின் சிவில் சட்டம், மூத்த மகனே குடும்பத் தலைவன், சொத்து முழுக்க அவனுக்கே என்ற பழைய ஏற்பாட்டை ஒழித்தது. சொத்தும் கடமையும் ஒரே மூட்டையாக மூத்தவன் தலையில் இருந்த காலம் போய் ஆறே வருடம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி யார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. தமிழ்நாட்டில் 1989-ல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று திருத்தம் வந்த பிறகு, ‘அம்மா யார் வீட்டில்?’ என்ற பேச்சு எப்படி மாறியது என்பதை உங்கள் உறவுகளிலேயே பார்த்திருப்பீர்கள்.

கே: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பெரியவர்களும் இளையவர்களும் சேர்ந்து பழைய படம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்கிறோம். முதல் தடவை பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், மீதிப் பேர் சண்டை போட்டார்கள். எப்படி நடத்துவது?
(சென்னை வாசகர்)

ப: முதலில் அனுமதி. வீட்டில் பார்க்க வாங்கிய டி.வி.டி.யையோ ஓடிடி கணக்கையோ வைத்துச் சங்கத்தில் பலருக்குப் போட்டுக் காட்டுவது பொதுத் திரையிடலாகிவிடும். உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவின் சலுகை கல்வி நிறுவனங்களுக்குத்தான். அங்கும் பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது பிரதி. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் சுற்றும் பிரதிகள் பலவற்றில் கத்தரி விழுந்திருக்கும். நகைச்சுவைப் பகுதியும் பாட்டும்தான் முதலில் போகும். கிண்டல் முழுக்க அங்கேதான் இருக்கும் என்பதால் நஷ்டம் பெரிது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. படத் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் நீளம் மீட்டரிலோ அடியிலோ போட்டிருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,400 மீட்டர் என்றிருந்தால் கிட்டத்தட்ட 160 நிமிடம் வர வேண்டும். உங்கள் பிரதி 135 நிமிடம்தான் என்றால் 25 நிமிடத்தை யாரோ விழுங்கிவிட்டார்கள். பழைய சதுரச் சட்டகப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டால் முகங்கள் உப்பிவிடும். புரொஜெக்டரில் 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முழுப் படமும் விவாதமும் ஒரே மாலையில் வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு பெரியவர்களுக்கு முதுகு வலிக்கும், இளையவர்களுக்கு போன் அழைக்கும். நீங்கள் சொன்ன கூட்டம் கலைந்தது அனேகமாக அதனால்தான். படத்தை முன்பே அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சங்கத்தில் 15 முதல் 20 நிமிடப் பகுதிகள் மூன்று போதும். ‘பாகப்பிரிவினை’யிலிருந்து பிரிவு, ‘வியட்நாம் வீடு’ ஓய்வுக்குப் பிந்தைய பகுதி, ‘சம்சாரம் அது மின்சார’த்தில் பணச் சண்டை என்று ஆண்டு வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பேச்சு 15 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

சண்டை வருவதற்குக் காரணம் கேள்விதான். “யார் செய்தது சரி?” என்று கேட்டால் ஆளாளுக்குத் தன் வீட்டு வழக்கைக் கொண்டுவந்துவிடுவார்கள். “இந்தக் காட்சியில் பணம் யார் கையில்? யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே போனவர் யார்?” என்று கேளுங்கள். பதிலைத் திரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

இளையவர்களை முதலில் பேச விடுங்கள். பெரியவர் ஒருவர் “அந்தக் காலத்துல...” என்று தொடங்கிவிட்டால் பதினைந்து நிமிடமும் அவருடையதுதான், அதற்குப் பிறகு மரியாதைக்காக யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்து, நேரம் பார்க்கும் வேலையை அந்தப் பெரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.